தேவானந்தத்தைக் குளிப்பாட்ட ஆளில்லை

"செத்தவங்களத் தொட்ட கையாலயா எனக்கு ஊட்டுறீங்க?"

ஆறு வயதில் ஜெஃப்ரி கேட்ட கேள்வி. அப்பா தேவானந்தம் கோபிக்கவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோய், இன்னொரு தரம் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு கரண்டியால் ஊட்டினார்.

இன்று அதே ஜெஃப்ரி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்பா படுக்கையறைக் கட்டிலில் கிடக்கிறார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. ஜெஃப்ரி இன்னும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றான்.

இரும்புலியூரில் அந்தச் சுற்றுவட்டத்தில் எந்த வீட்டில் ஆண்பிள்ளை இறந்தாலும், கோயிலுக்குப் போகிறவரா சபைக்குப் போகிறவரா என்று பாராமல், குளிப்பாட்டி, முகம் மழித்து, உடுத்திவிடுவது தேவானந்தம்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர். யாரும் அவரை இதற்கு நியமிக்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் செய்வார். நேற்று வரை மரியாதையாக நடமாடிய மனுஷனை நாலு பேர் நின்று பார்க்கக் கூடாது என்பார்.

அதனாலேயே அந்தக் காரியம் வேறு எவருக்கும் தெரியாமல் போயிற்று. சபையிலிருந்து வந்த ஆண்கள் கூடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர், குளிப்பாட்ட ஆள் வந்தாயிற்றா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

அப்பாவின் கைபேசி அடித்தது. ஜெஃப்ரி எடுத்தான்.

"சார், தோத்தாத்ரி பேசறேன். உங்க தெருவுல யாரோ தவறிட்டாங்க போலிருக்கே, ஷாமியானா போடறாங்க. எந்த வீடு? ஏதாவது வாங்கிண்டு வரணுமா?"

"அங்கிள், நான் ஜெஃப்ரி. எங்க வீடுதான். அப்பா."

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்.

அடுத்த தெருதான், தோத்தாத்ரி உடனே வந்துவிட்டார். ஊரடங்கின்போது உறவுக்காரர் ஒருவரும் வரமுடியாத நாளில் அவருடைய தகப்பனாரைக் குளிப்பாட்டியவர் தேவானந்தம். உள்ளே போய்ப் பாதத்தையும் கையையும் தொட்டுவிட்டுத் திரும்பியவர், ஜெஃப்ரியை ஓரமாக அழைத்தார்.

"கை விறைக்க ஆரம்பிக்கறதுடா. இன்னும் லேட் பண்ணினா சட்டையை முதுகுல கிழிச்சுத்தான் போடணும். ஐஸ் பெட்டி கொண்டு வர்ற வண்டி வண்டலூர்லயே மாட்டிண்டு நிக்கறதாம்."

அம்மா மெட்டில்டாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் மடியில், கணவர் ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கிழிக்க வேணாம்பா," என்றாள் மகனிடம். "அவரு யாருக்கும் கிழிச்சதில்ல."

ஜெஃப்ரி அறைக் கதவுப் பக்கம் திரும்பினான். தொட்டால் அந்தக் கண் திறந்துகொள்ளுமோ? புரட்டினால் வாயிலிருந்து ஏதாவது சத்தம் வருமோ? எல்லாவற்றையும்விட, அங்கே கிடப்பது அப்பாவாக இல்லாமல் போய்விடுமோ?

"நான் கூட வரட்டுமாடா?" என்றார் தோத்தாத்ரி. "எங்கப்பாவுக்கு உங்கப்பா செஞ்சார்."

வாங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஜெஃப்ரி கூடத்தில் நின்றவர்களைப் பார்த்தான்.

"வேணாம் அங்கிள். அப்பா தனியாத்தானே செய்வாரு. கதவுக்கு வெளியவே நில்லுங்க. நான் தாழ்ப்பாள் போட மாட்டேன். கூப்பிட்டா உடனே வந்துடுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஜெபம் சொல்லப் பார்த்தான். முதல் வரிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

கட்டிலோரம் யாரோ வாளியில் வெந்நீர் வைத்திருந்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கியபடியே கொண்டுவந்தது; ஆவி பறந்தது. துண்டை நனைக்கக் குனிந்தவன், விரலை விட்டுப் பார்த்துச் சட்டென்று இழுத்துக்கொண்டான். குளியலறைக் குழாயிலிருந்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் பிடித்துவந்து விளாவினான். போதவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினான்.

பிறகு தரையில் மண்டியிட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல, முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான்.