படத்தில் மாட்டிய கயிறு

குடியை விட்டவர்கள் கூடும் இடம் ஒன்று ஓசூரில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது டாக்டரும் இல்லை, சாமியாரும் இல்லை. மூக்கண்டப்பள்ளி ஒயின்ஷாப் வாசலில் தள்ளுவண்டி போட்டு, சுண்டலும் அவித்த முட்டையும் விற்கிற சம்பங்கி. என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமியைத் தேடிக்கொண்டு நான் அந்த வாசலில் போய் நிற்காத வாரமே கிடையாது.

அன்றைக்கு அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டு சம்பங்கி சொன்னான்: “கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரயில்வே கேட்டாண்ட தையல் ஸ்கூல் மாடிக்கு இட்டுனு வா. நம்ம மாதிரி ஆளுங்க கூடுவாங்க. யாரும் திட்ட மாட்டாங்க.”

“நம்ம மாதிரின்னா?”

“நானும் குடிகாரந்தான் கா. இப்ப தொடறதில்ல.”

குடிக்கிறவனுக்குத் தொட்டுக்கொள்ள விற்கிறவன் இதைச் சொல்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு வழி? இவருக்கு ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. போன மாதம் கேட்டில் வாடை அடித்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை இல்லை என்று எச்.ஆர். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். இந்த வேலையை நம்பித்தான் விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். இதுவும் போனால் திரும்பிப் போக ஊரில் ஒன்றும் இல்லை.

அழைத்துப் போனேன். மாடியில் தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் கன்னடத்தில் பேசினார், ஒருவர் தெலுங்கில் அழுதார். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம், நாளையை நாளைக்குப் பார்ப்போம் என்பதைத் தவிர யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. நேற்றுக் குடித்துவிட்டேன் என்று ஒருவர் தலைகுனிந்தபோது, சம்பங்கி தன் டீயை அவரிடம் நீட்டினான். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வெள்ளைச்சாமி அந்தக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வாரம் தவறாமல் போனார். கை நடுக்கம் நின்றது. மகள் ஸ்வாதியின் சைக்கிள் செயின் கழன்றால் அவரே மாட்டிக் கொடுத்தார். அந்த வாரங்களில் நான் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இவருடைய அண்ணன் பெரியதம்பிக்கு இது பொறுக்குமா? அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“குடிகாரப் பயலுக கூட்டத்துல போயி, நானும் குடிகாரன்னு நீயே சொல்றியாமே? நாளைக்கு நம்ம பிள்ளைய எவன்டா பொண்ணு கேட்டு வருவான்? ஆம்பளைன்னா கோயில்ல ஒரு கயித்தைக் கட்டிக்கிட்டு நிப்பாட்டணும்டா.”

கட்டினார்கள். பேரிகை ரோட்டில் ஒரு கோயிலில் சிவப்புக் கயிறு, தைப்பூசம் வரைக்கும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம். சாமியே பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகு மீட்டிங் எதற்கு என்று இவர் ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்திவிட்டார். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

ஆயுத பூஜை வந்தது. பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்துவிட்டு, பொரி கடலையோடு வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பெரியதம்பி.

“மெஷினுக்கே இன்னைக்கு ஓய்வு. சாமி கோவிச்சுக்கிடாது. கயித்தைக் கழட்டிப் படத்துல மாட்டு. லீவு முடிஞ்சதும் எடுத்துக் கட்டிக்கிடலாம்.”

எங்கள் தெருவில் இது நடப்பதுதான். கல்யாணம், கிடாவெட்டு என்றால் கயிறு படத்துக்குப் போகும், ஆள் கடைக்குப் போவான். சாமியை ஏமாற்ற இவ்வளவு மரியாதையான வழியைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்!

லீவு முழுக்க முருகன் படத்தில் கயிறு தொங்கியது. லீவு முடிந்து முதல் ஷிப்டுக்குப் போனவர், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தார். கேட்டில் ஊதச் சொன்னார்களாம். கையில் கயிறு இருந்தது. வாயில் வாடையும் இருந்தது. வேலை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை எழுப்பினேன். “வாங்க, மாடிக்குப் போவோம்.”

சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “சாமிக்குக் குடுத்த சத்தியத்தையே மீறிட்டேன் ராசாத்தி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வருவேன்?”

“அங்க இருக்கிற எல்லாரும் மீறினவங்கதாங்க. அதனாலதான் அங்க வர்றாங்க.”

எழுந்து உட்கார்ந்தார். சட்டையை எடுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் வாசலில் பைக் சத்தம்.

“டேய், பூசாரிட்ட பேசிட்டேன். அந்தக் கயிறு ராசியில்ல. நாளைக்குக் காலையில புதுசு கட்டிருவோம். இப்ப வா, வெளிய போயிட்டு வருவோம்” என்றார் பெரியதம்பி.

வெள்ளைச்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

நான் மட்டும் மாடி ஏறினேன். ஞாயிறுகளில் வண்டியைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வரும் சம்பங்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஆளு எங்க கா?”

“நாளைக்குப் புதுக் கயிறு கட்டறாங்களாம். அண்ணன்கூட பைக்ல போயிட்டாரு.”

கையில் இருந்த நாற்காலியை அவன் கீழே வைத்தான்.

“நாளைக்குக் கயிறுன்னா இன்னிக்கு கடைசி குடி கா. எங்க வண்டியில யாவாரம் நல்லா ஆவறதே அன்னிக்குத்தான்.”

போனை எடுத்துப் பெண்டாட்டியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“வண்டியாண்ட வந்துட்டாங்களாம் கா. அண்ணனும் தம்பியும்.”