பார்லரம்மா படித்த துருக்கி

பியூட்டி பார்லர் நடத்துவதால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் பார்லரம்மாதான். ஐம்பது வயதைத் தாண்டியபின் அவர் துருக்கி மொழி படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் சம்பந்தியம்மா.

கப்பலில் வேலை பார்க்கும் மகன், போன இடத்தில் ஒரு துருக்கிப் பெண்ணைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். மருமகள் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிவிடுவாள். அவளுடைய அம்மாவுக்குத் தாய்மொழி தவிர வேறெதுவும் தெரியாது. கல்யாணத்தன்று அந்த அம்மாள் பார்லரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ உருக்கமாகச் சொன்னார். பார்லரம்மா பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றார். வீடு திரும்பியும் அது மனதை அரித்தது.

"அதான் போன் இருக்கே, அதுவே மாத்திச் சொல்லுமே" என்றார் கணவர்.

"போனையா சம்பந்தி பண்ணியிருக்கோம்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்தார்.

முதல் வாரமே கண்ணைக் கட்டியது. வீட்டில் என்றால் 'எவ்தெ'. பள்ளியில் என்றால் 'ஒகுல்தா'.

"சார், ரெண்டும் ஒரே 'இல்'தானே? இங்க தெ, அங்க ஏன் தா?"

"முன்னாடி இருக்கிற சத்தம் எந்தப் பக்கம் சாயுதோ, ஒட்டுற எழுத்தும் அந்தப் பக்கமே சாயும்மா. அது காதுக்குப் பழகணும்" என்றார் வாத்தியார்.

காதைப் பழக்க வேறு நேரம் ஏது? முடி வெட்டும்போதுதான்.

"கெல்மெ, வராதே. கொர்க்மெ... இல்ல, கொர்க்மா. பயப்படாதே."

"நான் பயப்படலக்கா. நீங்க காதை மட்டும் பாத்து வெட்டுங்க" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

ஆனால் வேறொரு விஷயம் கைகொடுத்தது. எவ், எவ்லெர், எவ்லெரிமிஸ், எவ்லெரிமிஸ்தெ. வீடு, வீடுகள், எங்கள் வீடுகள், எங்கள் வீடுகளில். ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனது. வினைச்சொல் தமிழில் போலவே கடைசியில் வந்து உட்கார்ந்தது. 'அட, இது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரியில்ல இருக்கு!' என்று பார்லரம்மாவுக்குத் தெம்பு வந்தது.

மருமகளின் பிரசவத்துக்குச் சம்பந்தியம்மா விமானத்தில் வந்துகொண்டிருந்த காலையிலேயே வலி எடுத்துவிட்டது. பார்லரம்மாதான் மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். மகன் நடுக்கடலில். கணவர் விமான நிலையத்திலிருந்து சம்பந்தியம்மாவை நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். உள்ளே வந்து, மகளைக் காணாமல், மூடிய ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்ததும் அந்த அம்மாள் நர்ஸிடம் ஓடினார். நர்ஸ் சொன்னது ஒன்றும் புரியவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார்.

பார்லரம்மா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். படித்ததெல்லாம் ஒரு நொடி மறந்தே போயிற்று. பிறகு வாய் தானாகத் திறந்தது.

"கொர்க்மாயின். கிஸிமிஸ் இயி. பெபெக் கெலியோர்." பயப்படாதீங்க. நம்ம பொண்ணு நல்லா இருக்கா. குழந்தை வருது.

'உங்க பொண்ணு' என்றுதான் சொல்ல நினைத்திருந்தார். வாயில் வந்தது 'நம்ம பொண்ணு'. அந்த அம்மாள் அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தார். பிறகு மடை திறந்தது போலக் கொட்டினார்.

"யவாஷ், யவாஷ்!" மெதுவா, மெதுவா என்று பார்லரம்மா கையைக் காட்டினார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துருக்கி தெரியுமா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"படிச்சிட்டிருக்கேன்" என்று அவர் மொழியிலேயே சொன்னபோது பார்லரம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பார்லரம்மாவுக்குப் பாதி புரிந்தது, புரியாததைத் திரும்பக் கேட்டார். மருமகள் சின்ன வயதில் இருட்டுக்குப் பயப்படுவாள் என்பது வரை தெரிந்துகொண்டார். நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்றதும், கேட்ட மறுகணமே சம்பந்தியம்மாவுக்குச் சொன்னவர் பார்லரம்மாதான்.

கணவர் வந்து பார்த்தபோது இரண்டு பாட்டிகளும் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, அப்படி என்ன பேச்சு?"

"சம்பந்திகளுக்குள்ள ஆயிரம் இருக்கும். உங்களுக்குப் புரியாது" என்றார் பார்லரம்மா.