இருட்டுத் தட்டு

அன்று காலையிலிருந்தே பம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் பக்கத்து மேசைத் தோழி. ஏன் வைத்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

பம்பரத்தின் பிழைப்பு ஒரு மருந்தோடு. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை மாடித் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்றிய தண்ணீர் இறங்கும்போது ஒரு சக்கரம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில்தான் செல்லுக்கு வேண்டிய சக்தி பிறக்கிறது. உண்மையில் ஏறி இறங்குவது புரோட்டான்கள், தண்ணீரல்ல. மற்றபடி கதை ஒன்றுதான். இந்த மருந்து தொட்டியை ஓட்டையாக்கிவிடும். தண்ணீர் வீணாக ஒழுகும், சக்கரம் நிற்கும், செல் துவண்டுபோகும். அதன் அழகே, நீல ஒளி பட்டால்தான் அது விழிக்கும் என்பது. இருட்டிலும் சிவப்பு வெளிச்சத்திலும் அது பாட்டுக்குத் தூங்கும். கட்டியின்மேல் மட்டும் ஒளி பாய்ச்சினால் கட்டி துவளும், உடம்பு பிழைக்கும்.

ஆனால், செல்களை வளர்க்கும் தட்டுகளில் ஒளி காட்டிய தட்டில் மட்டுமல்ல, ஒளியே காட்டாத இருட்டுத் தட்டிலும் அவை துவண்டன. இரண்டாவது தடவையும் அப்படியே.

“இருட்டுலயும் கடிச்சா அது மருந்தில்லம்மா, விஷம்” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். “சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா மூட்டை கட்டிடலாம்.”

சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில், மூன்றாவது தடவையாக இருட்டுத் தட்டில் மருந்தை விட்டாள். மணி என்ன? மணிக்கட்டைத் திருப்பினாள். இன்னொரு சொட்டு. மறுபடி திருப்பினாள். அந்த நேரம் பார்த்துக் கைக்கடிகாரத் திரையில் தம்பியின் செய்தி வந்தது: “முடிஞ்சுதாக்கா?”

தட்டை மூட வைத்திருந்த அலுமினியத் தாள் நீலமாக மின்னியது.

பம்பரம் அப்படியே நின்றுவிட்டாள். திருப்பும்போதெல்லாம் கடிகாரத்தின் நீலத் திரை விழிக்கிறது, கூடவே மருந்தும். காலையிலிருந்து எத்தனை தடவை!

“அடிப்பாவி! கையிலயே விளக்கைக் கட்டிக்கிட்டுத்தான் இருட்டைத் தேடினியா?” என்றாள் பக்கத்தில் நின்ற தோழி. கடிகாரத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டு, பையை வெளியே வைத்தாள்.

புதிய தட்டு. இந்தத் தடவை நேரம் பார்க்கும் வேலை தோழிக்கு.

“இன்னும் எவ்வளவு நேரம்டி?”

“சொல்ல மாட்டேன். உக்காரு.”

உட்கார்ந்தாள், எழுந்தாள், வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தலைவர் கதவைத் தட்டியபோது செல்களின் சக்தியை அளந்து முடித்திருந்தார்கள்.

“என்னம்மா, மூட்டையா?”

தோழி திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒளி பட்ட தட்டின் கோடு சரிந்து கிடந்தது. இருட்டுத் தட்டின் கோடு அசையவே இல்லை.

“பிரிச்சிடலாம் சார்” என்றாள் பம்பரம். மணியைப் பார்க்க மறுபடியும் கை தானாகத் திரும்பியது.