பதிமூன்று பேரைக் காணோம்

மாலை வகுப்பில் புள்ளியியல் நடத்தும் டீச்சருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கோர்ஸ் தொடங்கிய முதல் நாள் இருபது கேள்வியில் ஒரு டெஸ்ட் வைத்திருந்தார். பாடமெல்லாம் முடிந்த பிறகு அதே டெஸ்டை மறுபடியும் வைத்தார். முதல் தடவை வகுப்பின் சராசரி ஒன்பதரை. இப்போது பதினான்கு. நாலரை மார்க் ஏற்றம்!

சூத்திரத்தை நெட்டுருப் போட வைப்பது அவருக்குப் பிடிக்காது. மாணவர்களே தெருவுக்கும் கடைக்கும் போய் எண்ணி, அளந்து கொண்டுவரும் கணக்குகளை வைத்துத்தான் பாடம் நடத்துவார். இது எடுபடுமா என்று பார்க்கத் துறைத்தலைவர் ஒரு கோடு கிழித்திருந்தார். ஏற்றம் நாலு மார்க்கைத் தாண்டினால் அடுத்த வருடம் எல்லாப் பிரிவுக்கும் இந்த முறை. தாண்டாவிட்டால் டீச்சரும் பழையபடி புத்தகத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். கூட்டம் மறுநாள் காலை.

பெருமை தாங்காமல் அந்தக் கணக்கை வகுப்பிலேயே திரையில் போட்டுக் காட்டினார். முதல் டெஸ்ட்: 52 பேர், சராசரி 9.5. கடைசி டெஸ்ட்: 39 பேர், சராசரி 14.

"இது என் சாதனை இல்ல, உங்க சாதனை" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து அதே உடுப்போடு வகுப்புக்கு வரும் வார்டு நர்ஸ். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் ஏன் அக்கா.

"அக்கா, பஸ் போயிடும்க்கா. இன்னிக்கு ஒரு நாள் விட்ருங்க" என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

"இருடா, ஒரே நிமிஷம். மேடம், மேல அம்பத்திரண்டு, கீழ முப்பத்தொம்பது. மீதி பதிமூணு பேரு எங்க?"

"பாதியில நின்னுட்டாங்க. வருஷா வருஷம் நடக்கறதுதானே?"

"நல்லா போட்டவங்களா நின்னாங்க? என்னை மாதிரி திருதிருன்னு முழிச்சவங்கதானே நின்னிருப்பாங்க? எங்க வார்டுல நல்லா கவனிச்சோமான்னு கேட்டு ஒரு ஃபாரம் குடுப்போம் மேடம். குணமாகி வீட்டுக்குப் போறவங்ககிட்ட மட்டும். அதைப் படிச்சா எங்கள மாதிரி ஆஸ்பத்திரி உலகத்துலயே இல்லன்னு இருக்கும். குணமாகாம நடுவுல வேற ஆஸ்பத்திரிக்குப் போனவங்களுக்கு ஃபாரமே கிடையாதே!"

டீச்சருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. போனவர்களை விட்டுவிட்டு இருப்பவர்களை மட்டும் எண்ணக் கூடாது என்று ஐந்தாவது வாரம் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டதே அவர்தான். தன் கணக்கு என்று வந்ததும் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆசிரியர் அறைக்கு வந்து பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்தார். நின்றுபோன பதிமூன்று பேரின் சராசரி வெறும் ஐந்து. அவர்களைக் கழித்தால், மீதி முப்பத்தொன்பது பேர் முதல் நாளே பதினொன்றில் இருந்திருக்கிறார்கள். பதினொன்றிலிருந்து பதினான்கு. மூன்று மார்க்தான் ஏற்றம். மூன்று தடவை போட்டுப் பார்த்தார், மூன்றுதான் வந்தது.

நாலரை என்று அச்சடித்த தாள் பைக்குள் தயாராக இருந்தது. அதை நீட்டினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. சும்மா நர்ஸின் இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துப் பார்த்தார். முதலில் பத்து, கடைசியில் பதினொன்று. டெஸ்டைக் கேட்டால், இத்தனை மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு மார்க்! நேற்று தன் தப்பைப் பிடித்தவரைப் பற்றியா டெஸ்ட் இப்படிச் சொல்கிறது என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சடித்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

கூட்டத்தில் துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னம்மா இது, நேத்து போன்ல நாலரைன்னீங்க?"

"தப்பு சார். நின்னு போனவங்களையும் முதல் சராசரில சேர்த்துட்டேன். மூணுதான்."

"அட, நீங்களா வந்து சொல்லலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போகுது?"

"என் கிளாஸ்ல முப்பத்தொம்பது பேருக்குத் தெரியும் சார். கண்டுபிடிச்சதே அவங்கதான்."

தோற்றுப்போய் நிற்கிற மாதிரியே அவருக்குத் தோன்றவில்லை; பெற்ற பிள்ளை மேடை ஏறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிறவர் போல நிமிர்ந்து நின்றார்.

துறைத்தலைவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "கோட்டை நான் மாத்த மாட்டேன். எல்லாப் பிரிவுக்கும்கற பேச்சே வேணாம். ஆனா உங்க பிரிவுல மட்டும் இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க. டீச்சர் கணக்குலயே தப்பு கண்டுபிடிக்கிற கிளாஸை மறுபடி புத்தகத்துக்குள்ள தள்ள எனக்கு மனசு வரல."

கடைசி வகுப்பன்று டீச்சர் கரும்பலகையில் பெரிதாக 3 என்று எழுதிவிட்டு நடந்ததைச் சொன்னார். நர்ஸின் முகம் வாடிவிட்டது. "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் மேடம்."

"நல்ல கதை! நீங்க சும்மா இருந்திருந்தா நான் இத்தன மாசம் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்னு அர்த்தம்?"

நர்ஸ் சிரித்தார். பிறகு அந்த 3-ஐ உற்றுப் பார்த்தார். கை மெல்ல மேலே போனது.

"ஐயோ அக்கா, வேணாம்க்கா! இருக்கற மூணும் போயிடப் போகுது!"

"இல்லடா, மனசு கேக்கல. மேடம், ரெண்டு தடவயும் ஒரே கேள்வித்தாள்தானே? பாத்த கேள்வின்னா தானா ரெண்டு மார்க் கூட வராதா? இந்த மூணுல உங்க பாடம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு?"

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாக்பீஸை நர்ஸிடம் நீட்டினார். "வாங்க. இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு நீங்களே எழுதுங்க." பிறகு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

நர்ஸ் கரும்பலகை முன்னால் போய் நின்றார். "ரெண்டு கிளாஸ் வேணும் மேடம். ரெண்டுக்கும் இதே டெஸ்ட், ரெண்டு தடவை. ஒண்ணுக்குப் பாடம் நடத்தணும், இன்னொண்ணுக்கு நடத்தவே கூடாது."

"அந்த நடத்தாத கிளாஸ்ல எங்களப் போடுங்க!" என்றது கடைசி பெஞ்ச்.