நாற்பத்தெட்டு

அண்ணன் எலக்ட்ரீஷியன். கரண்ட்டை அணைக்காமல் எந்த ஒயரையும் தொடமாட்டான். இருபது வருடத் தொழிலில் கை கால் முழுசாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று போகிற இடமெல்லாம் பெருமையடிப்பான். அந்தப் பழக்கமே அன்று அவன் காலை வாரிவிட்டது.

மறுநாள் காலை தங்கைக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்புமா என்று கேட்டால் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று ஒரே ஒரு பாட்டு பாடிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முணுமுணுக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவளுடைய மூன்று வயது மகளுக்கு, அம்மா கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, தானே கட்டிய அந்த ஒரு பாட்டைப் பாடினால்தான் தூக்கம் வரும். வேறு யார் பாடினாலும் செல்லாது. மாமாவான அண்ணனும் ஒருநாள் முயன்று பார்த்தான். குழந்தை எழுந்து உட்கார்ந்து சிரித்தது.

பாட்டைப் பிடித்து வைக்க அண்ணன் ஒரு ரெக்கார்டிங் பெட்டியை இரவல் வாங்கி வந்தான். டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது; கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துளையில் மைக், இன்னொன்றில் கிதாரின் மரத்துக்குள் ஒட்டியிருந்த, அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் ஒயர். மைக்குக்கு மட்டும் தனியாகக் கரண்ட் வேண்டும். அதற்கு ‘48’ என்று எழுதிய ஒரு பட்டன்.

மதியம் மூன்று மணி. தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வை கட்டி, ஃபேனையும் நிறுத்தியாயிற்று. போர்வை வழியே கசிந்த வெயில் அறையில் தேன் மாதிரி தேங்கி நின்றது. கடைசி நேரத்தில் மைக் ஒயர் லூஸாக இருப்பதுபோல் அண்ணனுக்குத் தோன்றியது. பட்டனை அணைத்தான், ஒயரைக் கழற்றி இறுக்கிச் செருகினான், பாடச் சொல்லித் தலையாட்டினான்.

அவள் கிதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். தரை மெதுவாக மிதப்பதுபோலவும், தாங்கள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போலவும் இருந்தது. பாட்டு எப்போது முடிந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கண் திறந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான். கிதாரின் கோடு அலை அலையாக இருந்தது. மைக்கின் கோடு இஸ்திரி போட்டதுபோல் நேராகக் கிடந்தது. பட்டனில் விளக்கு எரியவில்லை.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தேன்மா," என்றான். "உனக்குக் குடுக்க மறந்துட்டேன்."

அவளால் திட்டக்கூட முடியாது. கண் நிறைந்தது. இருப்பதையாவது கேட்போம் என்பதுபோல் கையை நீட்டி கிதாரை மட்டும் ஓடவிட்டாள்.

தந்திகள் ஒலித்தன. அவற்றுக்கு அடியில், எங்கோ தூரத்தில், அவள் குரல். நெஞ்சோடு ஒட்டியிருந்த மரம் அதையும் வாங்கி வைத்திருந்தது. வார்த்தைகள் தேய்ந்திருந்தன, மெட்டு அப்படியே இருந்தது. அண்ணன் மூச்சு விடவும் பயந்தான்.

பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தலையணையை இழுத்துக்கொண்டு வந்து அம்மா மடியில் ஏறியது. மூடியிருந்த அம்மாவின் வாயைப் பார்த்தது, ஸ்பீக்கரைப் பார்த்தது.

"மாமா, அம்மா அந்த ரூம்ல பாடுறாங்க," என்றது, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லாததுபோல்.

பாட்டின் இரண்டாம் அடி வருவதற்குள் தூங்கிப்போனது. ஒயர்களைக் கழற்ற எழுந்த அண்ணன், எந்த ஸ்விட்சையும் அணைக்க மனமில்லாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.