மணிக்கூண்டில் நின்ற மனிதர்

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம் ஒன்று அச்சுக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தையல்காரி, கூட்டத்தைக் கண்டு தானும் எட்டிப் பார்த்தாள்.

அவள் பிறந்த கிராமத்துத் தேவாலயம் அது. கூரை முழுக்கத் தீ. உச்சியில் மணிக்கூண்டு ஜன்னலில், கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதர் நின்றார். அங்கே மணியடிப்பவர் அவளுடைய அப்பா. அந்த மணியை வேறு யாரும் அடிக்க அவர் விட்டதில்லை.

"இது எப்ப நடந்தது?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"போன வாரம்மா. ஊர்க்காரங்களைக் கூப்பிட மணியடிச்சவரு கடைசி வரைக்கும் இறங்கவே இல்லையாம். படம் சுடச்சுடப் போகுது."

ஒன்றை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வண்டி ஓட்டும் அவள் கணவன் அப்போதுதான் குதிரையை அவிழ்த்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே மறுபடி பூட்டிவிட்டான்.

கிராமத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் படத்தையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்லக் கேட்டான்: "முகம் தெரியுதா அதுல?"

"நகத்தளவு இருக்கார். முகம் எங்க தெரியும்?"

"அப்போ நேர்ல பார்க்கிற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாத."

ஊருக்குள் நுழைந்தபோது தேவாலயத்தின் கரிந்த சுவர்கள் மட்டும் நின்றன. அந்தப் பக்கம் திரும்பாமலே வண்டியிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினாள். அடுப்படியில், கன்னத்தைச் சேர்த்துத் தலையில் துணி கட்டிக்கொண்டு, அப்பா பாலில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.



"என்னம்மா, சொல்லாம கொள்ளாம? வாங்க மாப்பிள்ளை."

படத்தை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மணிக்கயிறு கீழதானம்மா தொங்குது? மேல ஏறி நின்னு யாராவது அடிப்பாங்களா?"

அது அவளுக்குத் தெரியாததல்ல. சிறுமியாக அதே கயிற்றில் ஊஞ்சலாடியவள் அவள். பயத்தில் அதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பல்லு புடுங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன், வீக்கம் இன்னும் வடியல. திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நல்லவேளை, உள்ள ஒரு ஆளும் இல்ல. மறுநாள் ஒருத்தன் படம் வரைய வந்தான். 'கூண்டு வெறிச்சுனு இருக்கு, ஒரு ஆளை நிறுத்திக்கட்டுமா'ன்னு கேட்டான். வாயில பஞ்சு. சரின்னு தலைய ஆட்டிட்டேன்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க வாசலுக்குப் போனான்.

"உங்களைப் பறிகொடுத்துட்டேன்னு நினைச்சேன்பா," என்று அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கோயில் போனதுதான் மனசைப் போட்டு அறுக்குது. போகட்டும், கட்டிக்கலாம். நீ சாப்பிட்டியா?"

காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருடைய கிண்ணத்தை இழுத்து, பாதி ரொட்டியை நின்றபடியே தின்றாள்.

மறுநாள் மாமனாரும் மருமகனும் கரிந்த மரங்களை அப்புறப்படுத்தப் புறப்பட்டார்கள். வெயில் ஏறியும் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப இருவருக்குமே மனம் வரவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.