கண்ணாடிக்குள் முக்கோணங்கள்

"மேடம், அலமாரிச் சாவியைக் கொடுங்க."

இந்தப் பள்ளியில் விடுப்பு கேட்கலாம், சாக்பீஸ் கேட்கலாம், ஜன்னலுக்குக் கதவுகூடக் கேட்கலாம். கண்ணாடி அலமாரிக்குள் போன பொருளை மட்டும் திருப்பிக் கேட்கவே கூடாது என்று ஓவிய ஆசிரியர் முதல் நாளே காதில் ஓதியிருந்தார். "உள்ள போனது போனதுதாம்மா. நான் வரைஞ்ச யானை ஏழு வருஷமா உள்ளதான் நிக்குது. ஒரு வாய்த் தண்ணி காட்டல."

கணக்கு டீச்சர் கேட்டுவிட்டாள். அதுவும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "எதுக்கு?"

"நூல்கண்டுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை."

நூல்கண்டு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பார்வையில்லாத பெண். அவள் பாடமெல்லாம் நூலால் ஆனதால் வகுப்பு வைத்த பெயர் அது. கணக்கு டீச்சர் வருஷம் பூராவும் உட்கார்ந்து, தடித்த அட்டையில் பசை தடவி, கோட்டுக்குக் கோடு நூல் ஒட்டி, வடிவியல் மொத்தத்தையும் விரலால் படிக்கிற மாதிரி செய்திருந்தாள். முக்கோணத்தின் பக்கத்துக்கு ஒற்றை நூல், உயரத்துக்கு முறுக்கிய நூல், வட்டத்தின் மையத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான். நூலும் பொத்தானும் டீச்சரின் அம்மா வேலை செய்யும் தையல் கம்பெனியில் கழித்துப்போட்டவை. மொத்தம் நாற்பத்தொரு அட்டைகள். நாளைக்குத் தேறாவிட்டால் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடச் சம்மதம் என்று நூல்கண்டின் அப்பாவிடம் தலைமையாசிரியை எழுதி வாங்கி வைத்திருந்தார்.

போன வாரம் அட்டைகள் அலமாரிக்குள் போயின. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் படிக்கவைக்கும் சிறந்த பள்ளிக்கு விருதாம். குழு பார்வையிட வருகிறது.

"குழு போனதும் எடுத்துக்கோ."

"குழு வர்றது நாளை மறுநாள். பரீட்சை நாளைக்கு மேடம்."

"வாயால சொல்லிக் கொடேன். அவளுக்குத்தான் நல்ல ஞாபகசக்தியாச்சே."

"நீங்க கண்ணை மூடிக்கோங்க. நான் ஒரு முக்கோணத்தை வாயால சொல்றேன். வரைஞ்சு காட்டுங்க."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"நீளட்டும் மேடம்."

வாசலில் துணிப்பையோடு நின்ற அட்டெண்டர் அக்கா தொண்டையைச் செருமினார். "மேடம், லேமினேஷன் கடைக்காரர் பன்னண்டு மணிக்குள்ள வரச் சொன்னாரு."

கணக்கு டீச்சர் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாள். "எதை லேமினேஷன் பண்ண?"

"மிச்சம் இருக்கற அட்டையைத்தான். நூல் பிரிஞ்சு தொங்குது, பார்க்க அசிங்கமா இருக்கு. வட்டப் பாடம் எட்டும் நேத்தே ஆச்சு. பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!" தலைமையாசிரியையின் குரலில் உண்மையான பெருமை இருந்தது. "உன் உழைப்பு காலத்துக்கும் நிக்கணும்னுதான் செய்றேன்."

மேசைமேல் கிடந்த அட்டையை இழுத்து விரலை ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது. சூட்டில் நசுங்கி நூல் தாளோடு தாளாகிவிட்டிருந்தது. மையம் இருந்த இடம் வெறும் வெள்ளை.

"பொத்தான் எங்கே?"

"மெஷின்ல போகாதுன்னாங்க டீச்சர்," என்றார் அக்கா மெதுவாக. "பிச்சுட்டேன்."

பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம்.

அவள் அறை மூலையில் நின்ற அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடியில், தோள் உயரத்தில், விரல் தடங்கள். மேலிருந்து கீழே, பிறகு பக்கவாட்டில், வரிவரியாகத் தேடிப்போன தடங்கள்.

"அதை வேற ரெண்டு தடவை துடைச்சாச்சு," தலைமையாசிரியை சலித்துக்கொண்டார். "நான் ரூம்ல இல்லாதப்போ எந்தக் கழுதையோ வந்து வந்து தடவிட்டுப் போகுது."

காலையில் நூல்கண்டு கேட்டாள்: "மிஸ், கண்ணாடி எவ்ளோ தடிமன் இருக்கும்?" வருகைப் பதிவு எடுக்கும் அவசரத்தில், "சும்மா இருடி" என்று டீச்சர் அவள் வாயை அடைத்துவிட்டாள். கேள்வி இப்போதுதான் வந்து சேர்ந்தது. அந்த நொடியே டீச்சருக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. மேற்கொண்டு நடந்ததெல்லாம் கை செய்த வேலை.

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து, ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் சாவியையும் வைத்தார்.

"உன் வேலை நிரந்தர ஆணை. இன்னும் கையெழுத்துப் போடல. உங்க வீட்டிலேயே நீதான் முதல் பட்டதாரி, இல்லையா? உங்கம்மா எத்தனை வருஷம் மெஷின் மிதிச்சிருப்பாங்க? யோசிச்சு எடு."

மகள் வேலை நிரந்தரமாகப்போகிறது என்று அம்மா பாதித் தெருவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஒரு நொடி அந்த முகம் வந்து போனது.

"எங்கம்மாவை இழுக்காதீங்க மேடம். அந்த நூலே அவங்க பொறுக்கினது."

சாவியை எடுத்தாள். பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. முப்பத்து மூன்று அட்டைகளையும் வாரி மார்போடு அணைத்தாள். அக்கா துணிப்பையை விரித்துப் பிடித்தார். "பொத்தான் எட்டும் அடியில இருக்கு டீச்சர்," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"கவரை எடுக்காம அந்த வாசலைத் தாண்டினா, திங்கட்கிழமை நீ உள்ள வர வேண்டாம்!" தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "குழு வந்தா இந்த அலமாரியில என்னத்தடி காட்டுவேன்?"

"யானை இருக்கே மேடம். அதுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டுங்க."

சாவியைக் கவரின்மேலேயே வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடவில்லை. பசை காய நாலு மணி நேரம், புதிதாக ஒட்ட வேண்டிய வட்டங்கள் எட்டு, இப்போது மணி பதினொன்று ஐம்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வெளியே நடந்தாள்.